ஜப்பானிய மெய்யியற் கலைச்சொற்களும் ஆங்கிலம் படும் பாடும்

ஆங்கிலத்தில் 'சப்ஜெக்ட்' என்பது ஒரு சொல். ஜப்பானிய மெய்யியல் நூல்களில் அதற்கு நேரே நிற்கும் சொற்கள் நான்கு. வாக்கியத்தில் வரும் எழுவாய் 'ஷுகோ'. பேச்சுக்கோ எழுத்துக்கோ எடுத்துக்கொண்ட பொருள் 'ஷுதாய்'. உலகத்தை எதிரே நிறுத்தி அதை அறிந்துகொண்டிருக்கும் உள்ளம் 'ஷுக்கான்'. உடம்போடு உலகத்துக்குள் இறங்கி ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் 'ஷுத்தாய்'. நாலுக்கும் முதலெழுத்து ஒன்றே; தலைமையானது என்று பொருள்படும் சீன எழுத்து அது. அடுத்த எழுத்துத்தான் வேறு. ஜப்பானிய வாசகனுக்குக் கண்ணில் பட்ட உடனேயே எது எதுவென்று விளங்கிவிடும். ஆங்கிலத்துக்கு வந்ததும் நான்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடியையும் ஆங்கிலத்தில் சப்ஜெக்ட் என்றுதான் சொல்வார்கள். ஜப்பானியத்தில் அதற்கும் வேறொரு சொல் இருக்கிறது. ஆக ஐந்து.

இது சும்மா அகராதி விளையாட்டல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின் அந்நாட்டு அறிவாளிகளிடையே பெரிய விவாதமொன்று நடந்தது. அதன் பெயரே 'ஷுத்தாய்ஸெய்' விவாதம். மேலிருந்து வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகிப்போன ஒரு சமூகத்தில், தானே தீர்மானித்துத் தானே பொறுப்பேற்கும் மனிதன் எப்படி உருவாவான் என்பதே அங்கே கேள்வி. இதை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் 'சப்ஜெக்டிவிட்டி' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லைக் கேட்கும் சாதாரண ஆங்கில வாசகன் என்ன நினைப்பான்? 'அது உன் தனிப்பட்ட அபிப்பிராயம்' என்று தள்ளிவிடும்போது சொல்கிற சொல்லல்லவா அது! பொறுப்பைப் பற்றிய பேச்சு, விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. சொல்லுக்குப் பக்கத்திலேயே ஜப்பானிய மூலச்சொல்லையும் போட்டுவிட்டால்தான் தப்பலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஏன் இந்தச் சிக்கல்? இச்சொற்களிற் பல ஒரு முறை கடல் கடந்து வந்து, மறுபடியும் கடல் கடந்து போகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜப்பான் மேற்குலகக் கல்வியை அவசர அவசரமாக உள்வாங்கியபோது மெய்யியலுக்கென்று அங்கே ஒரு சொல்கூட இருக்கவில்லை. 'தெட்ஸுகாக்கு' என்ற சொல்லை ஆக்கியவர் நிஷி அமானே. ஒல்லாந்தின் லெய்டனில் படித்துத் திரும்பியவர் அவர். 1874இல் அச்சான அவருடைய நூலில் அச்சொல் வருகிறது. 1881இல் 'தெட்ஸுகாக்கு ஜிஇ' என்ற மெய்யியற் கலைச்சொல் அகராதி வெளிவந்தது. புதுக் கருத்துகளுக்குப் பெயர் வைக்க அந்தத் தலைமுறையினர் கையிலெடுத்தது சீன எழுத்துகளை. அந்த எழுத்துகளோ பௌத்த நூல்களிலும் கன்ஃபூசிய நூல்களிலும் நூற்றாண்டுக் கணக்காகப் புழங்கியவை. ஆகவே ஐரோப்பியக் கருத்தொன்று ஜப்பானிய உடை உடுத்தும்போதே பழைய வாசனை அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த மெய்யியலாளர்கள் வேண்டுமென்றே அந்த வாசனையைப் பயன்படுத்தி எழுதினார்கள். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் பழைய ஐரோப்பியச் சொல்லையே வைத்தால் வாசனை போய்விடும். வாசனையை வைத்தால் ஐரோப்பியத் தொடர்பு அறுந்துவிடும்.

நம்மவர்களுக்கு இது புதுக்கதையல்ல. கிரேக்க நூல்கள் அரபிக்கு வந்தபோது 'ஃபல்ஸஃபா' என்று ஒலியை அப்படியே எடுத்தார்கள். 'வுஜூது' என்று சொந்தச் சொல்லுக்குப் புதுப்பொருளும் ஊட்டினார்கள். 950இல் மறைந்த அல்ஃபாராபி தம் 'கிதாபுல் ஹுரூஃப்' நூலில் இதைப் பற்றியே பேசுகிறார். கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுவாயையும் பயனிலையையும் இணைக்க 'இருக்கிறது' என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. அரபியில் அது இல்லை. ஆகவே மொழிபெயர்த்தோரிற் சிலர் 'ஹுவ' என்ற சுட்டை அந்த இடத்தில் வைத்தார்கள், சிலர் 'மவ்ஜூது' என்றார்கள். மவ்ஜூது என்றால் அடிப்படையில் 'கண்டெடுக்கப்பட்டது'. அந்த நேர்ப்பொருளில் சிக்கிக்கொள்ள வேண்டாமென்று ஃபாராபி வாசகரை எச்சரிக்கிறார். ஆயிரம் வருடம் கழித்து ஜப்பானில் அதே நோவு வேறு உடம்பில் வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் இந்தப் பக்கம் வந்ததே தொஷிஹிகோ இஸுட்ஸுவின் கைபிடித்துத்தான். 1914இல் பிறந்து 1993இல் காலமான இந்த அறிஞர், அல்குர்ஆன் முழுவதையும் அரபியிலிருந்து நேரடியாக ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும், 1979 புரட்சி வரை தெஹ்ரானிலும் இருந்து ஆங்கிலத்தில் எழுதினார். குர்ஆனின் ஒழுக்கவியற் கருத்துகளைப் பற்றி 1966இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு முறையைக் கையாள்கிறார். 'குஃப்ர்' என்றால் 'நிராகரிப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடமாட்டார். மூடுதல் என்ற வேர், நன்றி கெட்டதனம் என்ற பழைய பொருள், எதிரே நிற்கும் 'ஷுக்ர்', பிறகு எதிரே வந்து நிற்கும் 'ஈமான்' என்று அந்தச் சொல்லின் அயலட்டையை முழுக்கச் சுற்றிக் காட்டுவார். சொல்லுக்குச் சொல் வைக்காமல் சொல்லின் சுற்றத்தை வைக்கும் வழி அது. ஜப்பானியச் சொற்களை ஆங்கிலத்தில் வாசிக்கும்போதும் எனக்கு உதவியது அந்த வழிதான்.

இனி, எல்லோரும் முட்டிக்கொள்ளும் சொல்லுக்கு வருவோம்: 'பஷோ'. (ஹைக்கூக் கவிஞர் பாஷோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது வாழைமரம், இது இடம்.) நிஷிதா கிதாரோ 1870இல் பிறந்து 1945இல், போர் முடிய இரண்டு மாதம் இருக்கையில் இறந்தவர், கியோத்தோ மெய்யியல் மரபின் மூலவர். 1926இல் 'பஷோ' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அன்றாட ஜப்பானியத்தில் பஷோ என்றால் வெறும் 'இடம்'. சந்தை நடக்கும் இடமும் பஷோதான். ஆங்கிலத்தில் சிலர் 'பிளேஸ்' என்கிறார்கள், சிலர் 'ஃபீல்ட்' என்கிறார்கள், சிலர் 'லோகஸ்' என்று லத்தீனுக்கும் 'டோப்போஸ்' என்று கிரேக்கத்துக்கும் ஓடுகிறார்கள். பிளேட்டோவின் 'கோரா' என்ற கருத்தை நிஷிதாவே தொட்டுக் காட்டியிருப்பதால் கிரேக்கத்துக்கு ஓடியவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் சந்தைச் சொல்லொன்றைப் பண்டிதச் சொல்லாக்கினால், தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததைச் சொன்ன நிஷிதாவின் துணிவு காணாமல்போகும். 2012இல் குரும்மெலும் நகத்தோமோவும் வெளியிட்ட மொழிபெயர்ப்பு 'பிளேஸ்' என்றே நிற்கிறது. அதுதான் சரி என்பது என் கட்சி.

நிஷிதா சொல்லவந்ததைத் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சொல்வது ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சொல்வதிலும் சுலபம். 'இந்தப் பூ சிவப்பு' என்று ஒரு வாக்கியம். பூ எழுவாய், சிவப்பு பயனிலை. நம் பழைய நூல்களில் அரஸ்தூ என்று வரும் அரிஸ்டோட்டில், எப்போதும் எழுவாயாக நிற்பதும் இன்னொன்றுக்குப் பயனிலையாகாததுமே உண்மைப் பொருள் என்றார். இந்தப் பூ, இந்த மனிதன், இப்படித் தனித்தனிப் பொருள்கள். நிஷிதா இதைத் தலைகீழாக்கினார். பயனிலையாகவே நின்று ஒருபோதும் எழுவாயாகாதது எது என்று கேட்டார். பூ சிவப்பில் இருக்கிறது; சிவப்பு நிறத்தில் இருக்கிறது; நிறம் அதைவிட விரிந்த ஒன்றில் இருக்கிறது. இப்படிப் பயனிலைப் பக்கமாக விரிந்துகொண்டே போனால், எல்லாவற்றையும் தன்னுள் இருக்கவிட்டு, தான் மட்டும் ஒரு பொருளாகிச் சுட்டுவிரலுக்கு அகப்படாத ஒன்று வருகிறது. அதுதான் கடைசிப் பஷோ. 

இதில் முக்கியமான உருபு 'நி ஒய்தே', நம்முடைய ஏழாம் வேற்றுமைபோல. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எழும்பமாட்டேன் என்கிறது. ஜப்பானியத்தில் பயனிலை கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்துவைக்கும். பார்க்கும் ஆளைக் குறிக்கும் எழுவாய் இல்லாமலே வாக்கியம் சுகமாக நடக்கும். 'மலை தெரிகிறது' என்றால் போதும். உயர்தர வகுப்பில் தோன்றா எழுவாய் படிப்பிக்கும்போது, "சேர், அது ஏன் தோன்றவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் "தேவையில்லை, அதனால் தோன்றவில்லை" என்று சொல்லிவிடுவேன். ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. 'நான் மலையைப் பார்க்கிறேன்' என்று எழுதியாக வேண்டும். நிஷிதா எந்த 'நானை' முதலில் வைக்கக்கூடாதென்று வாதாடுகிறாரோ, அந்த 'நான்' இலக்கண வாசலால் உள்ளே வந்துவிடுகிறது. அதோடு 'இந்தப் பூ சிவப்பு' என்பதற்கும் ஆங்கிலம் 'இஸ்' என்ற ஒன்றைச் சேர்க்கிறது. ஜப்பானியத்திலும் தமிழிலும் இல்லாத ஓர் 'இருக்கை' அங்கே முளைக்கிறது. ஃபாராபியின் தலையிடி திரும்பவும்!

அந்தக் கடைசிப் பஷோவுக்கு நிஷிதா வைத்த பெயர் 'ஸெத்தாய் மு'. ஆங்கிலத்தில் 'அப்ஸொலூட் நத்திங்னெஸ்'. இங்கேதான் நம் வாசகர்களிற் பலர் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள். 'முற்றான ஒன்றுமின்மை' என்று கேட்டால் ஈமானுள்ள மனிதன் பின்வாங்கத்தான் செய்வான். இது படைத்தவனையே மறுக்கும் பேச்சல்லவா என்று தோன்றும். ஆனால் 'ஸெத்தாய்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளையும் பிரித்துப் பாருங்கள்: முதலாவது அறுத்தல், இரண்டாவது எதிர். எதிரை அறுத்தது. அதாவது, உள்ளதற்கு எதிராக நிற்கும் இல்லாமையை அவர் சொல்லவில்லை. உண்டு, இல்லை என்ற சோடிக்குள் அகப்படாத ஒன்றையே சுட்டுகிறார். தமிழில் நான் எழுதுவதானால் 'எதிரற்ற இன்மை' என்பேன். ஆங்கிலச் சொல்லோ 'கொஞ்சநஞ்சமும் இல்லை, அடியோடு இல்லை' என்ற அளவுச் சொல்லாகக் காதில் விழுகிறது. இதற்காக நிஷிதாவின் 'மு'வும் சூஃபிகளின் 'ஃபனா'வும் ஒன்றே என்று அள்ளிக் கொட்டுவதும் சரியில்லை. ஃபனாவில் அடியான் இருக்கிறான், ரப்பு இருக்கிறான். சூஃபி மரபையும் தாவோ மரபையும் அருகருகே வைத்துப் பார்த்த இஸுட்ஸுவே ஒவ்வொன்றையும் அதனதன் சொற்களோடு முழுக்க விளக்கி முடித்த பிறகுதான் ஒப்பிட வருகிறார்.

நிஷிதாவின் மாணவர் நிஷித்தானி கெய்ஜி இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டார். 'க்யோமு' என்பது வாழ்வின் அடித்தளம் சரிந்து எல்லாம் பொருளிழந்து நிற்கும் பாழ்நிலை. 'கூ' என்பது அந்தப் பாழையும் தாண்டிய வெறுமை; பௌத்தரின் சூனியதை. 'கூ'வை எழுதும் அதே எழுத்தை வேறுவிதமாக வாசித்தால் 'வானம்'. நிஷித்தானியின் வாதமே க்யோமுவிலிருந்து கூவுக்கு நகர்வதுதான். இரண்டையும் 'நத்திங்னெஸ்' என்று மொழிபெயர்த்தால் நூலே நகராது. ஆங்கிலத்தில் தந்த யான் வான் பிராக்ட், முதலாவதற்கு 'நைஹிலிட்டி' என்ற அரிய சொல்லைத் தேடி எடுத்தார். இரண்டாவதற்கு சமஸ்கிருதத்தையே திரும்ப அழைத்து 'சூன்யதா' என்றும் எழுதினார். நல்ல வேலை. தலைப்பில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். 1961இல் வந்த ஜப்பானிய நூலின் பெயர் 'சமயம் என்றால் என்ன?' 1982இல் ஆங்கிலத்தில் அது 'சமயமும் இன்மையும்' ஆயிற்று. வாசலில் நின்ற கேள்வியை எடுத்துவிட்டு விடையின் பலகையை மாட்டினால் எப்படி?

நிஷிதாவின் பிற்காலச் சொற்றொடர் ஒன்று இன்னும் கடினம்: 'ஸெத்தாய் முஜுன்தெக்கி ஜிகோ தோஇட்ஸு'. 1939இல் இத்தலைப்பில் எழுதினார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எதிரற்ற முரண்பாடுடைய தன்னொருமை'. ஜப்பானியரே பெருமூச்சு விடும் தொடர்! 1958இல் ஷின்ஸிங்கர் இதை 'எதிர்வுகளின் ஒற்றுமை' என்று ஆங்கிலமாக்கினார். வாசிக்கச் சுகம், ஆனால் ஹேகலும் மார்க்ஸும் படித்தவன் தனக்குத் தெரிந்த சரக்குத்தான் என்று எடுத்துக்கொள்வான். ஹேகலிடம் முரண் மேலொரு படியில் தீர்கிறது. நிஷிதாவிடம் முரண் தீராமலே ஒன்றாயிருக்கிறது. பின்வந்தவர்கள் கரடுமுரடாகவே மொழிபெயர்த்தார்கள். இந்த இடத்தில் கரடுமுரடு தேவைதான்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஸாங்கே'. தனபே ஹஜிமே, 1944இல், நாடு தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேளையில், மெய்யியலாளனாகத் தான் பேசவும் வக்கற்றுப் போனேனே என்ற உறுத்தலில் ஆற்றிய விரிவுரைகள் 1946இல் நூலாயின. தலைப்பு: 'ஸாங்கேயின் வழியாக மெய்யியல்'. ஸாங்கே என்றால் செய்த பிழையை உணர்ந்து ஏற்றுக்கொண்டு மனம் வருந்தித் திரும்புதல். ஆங்கிலத்தில் 'ரிபென்டன்ஸ்' என்றால் பாதிரியாரிடம் போய்ச் சொல்வதோடு சேர்ந்துவிடும். 1986இல் வந்த ஆங்கில நூல் 'மெட்டனோவெட்டிக்ஸ்' என்றது. அது தனபே தாமே கிரேக்கத்தின் 'மெட்டனோயா'விலிருந்து எடுத்தாண்ட பெயர். மனம் திரும்புதல் என்பது அதன் வேர். நமக்கோ 'தௌபா' என்றால் போதும். அதன் வேரும் திரும்புதல்தான். சுவையான சங்கதி என்னவென்றால், ஸாங்கே என்ற சொல்லே பாதி ஒலிபெயர்ப்பு, பாதி மொழிபெயர்ப்பு. முதலெழுத்து 'க்ஷமா' என்ற சமஸ்கிருதத்தின் ஒலியைத் தாங்கியது. இரண்டாவது, வருந்துதல் என்ற சீனச் சொல். நாம் 'தௌபாச் செய்தல்' என்கிறோமே, அந்த மாதிரி. ஸலாத்தைத் 'தொழுகை' என்றும் ஸவ்மை 'நோன்பு' என்றும் பெயர்த்த நம் முன்னோர் ஸகாத்தையும் ஹஜ்ஜையும் தௌபாவையும் தொடாமல் விட்டார்கள். ஏட்டில் எழுதிய விதியெதுவும் இல்லாமலே காதுக்குத் தெரிந்திருக்கிறது, எது பெயர்க்கப் பெயரும் என்று.

வட்ஸுஜி தெட்ஸுரோவின் 'நிங்கென்' சொல்லைச் சுருக்கமாகப் பார்ப்போம். மனிதனுக்கு அன்றாட ஜப்பானியச் சொல் அது; எழுத்துகளோ 'மனிதர்', 'இடை'. மனிதன் தனியாளல்ல, ஆட்களுக்கிடையில் இருப்பவன் என்று அந்த எழுத்திலேயே வட்ஸுஜி தம் ஒழுக்கவியலைக் கட்டினார். 'ஹியூமன் பீயிங்' என்று எழுதிய மாத்திரத்தில் அந்தக் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. அவருடைய 'ஃபூதோ' (1935) நூலின் தலைப்பு காற்றும் மண்ணும் என்ற இரண்டு எழுத்து. 1961இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதைக் 'கிளைமேட்' என்றது. மனிதனை இயற்கை தீர்மானிக்கிறது என்று சொல்வது தன் நோக்கமல்ல என்று வட்ஸுஜி முன்னுரையிலேயே எழுதுகிறார். தலைப்போ அதைத்தான் சொல்வதுபோல் நிற்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பை மட்டும் பழிக்கவும் ஏலாது. 1927இல் கப்பலில் போகும் வழியில் ஏடனைப் பார்த்துவிட்டு, பாலைவன மனிதன் போர்க்குணமும் அடிபணியும் குணமும் கொண்டவன் என்று இஸ்லாத்தையும் அதற்குள் அடக்கி அவர் எழுதியதை எந்தச் சொல்லாலும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக 'மின்ஸொகு'. மேலே சொன்னவையெல்லாம் விளங்காமையால் வரும் தொல்லைகள். இது தீர்ப்பையே மாற்றும் சொல். 1930களிலும் 40களிலும் கியோத்தோ மரபினர் எழுதியவற்றில் இது அடிக்கடி வரும். ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்றால் எழுதியவர் நாஸிகளின் பக்கத்தில் போய் நிற்பார். 'பீப்பிள்' என்றால் சாதுவாகிவிடுவார். 'எத்னிக் நேஷன்' என்றால் இரண்டுங்கெட்டானாய் ஆய்வுக்கூடத்து மேசையில் கிடப்பார். மூலத்தில் இருப்பது ஒரே சொல். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பிறப்புச் சான்றிதழில் 'இனம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்றிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 1941, 42 ஆண்டுகளில் நிஷித்தானி உட்பட நால்வர் போர் பற்றி நடத்திய வட்டமேசைப் பேச்சுகள், 1943இல் 'உலக வரலாற்று நிலைப்பாடும் ஜப்பானும்' என்ற பெயரில் நூலாயின. 2014இல் டேவிட் வில்லியம்ஸ் அவற்றை ஆங்கிலத்தில் தந்த நூலின் தலைப்பில் 'ஜப்பானியப் போர்க்கால எதிர்ப்பின் மெய்யியல்' என்றிருக்கிறது. முதலாம் தலைப்பைப் படித்தவன் ஒரு பேரரசின் நியாயப் பேச்சை எதிர்பார்ப்பான். இரண்டாம் தலைப்பைப் படித்தவன் ஒரு போராட்டத்தை எதிர்பார்ப்பான். மொழிபெயர்ப்பாளன் நீதிபதியின் நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. ஒரே மூலச்சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து, ஏன் அதை வைத்தேன் என்று முன்னுரையில் சொல்லிவிட்டால், தீர்ப்பை வாசகன் எழுதிக்கொள்வான். 

இஸுட்ஸு மறுதிசையில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 1957, 58இல் இவனாமி பதிப்பகம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட அவருடைய குர்ஆன் மொழிபெயர்ப்பு, வேதமொழிக்கென்று ஜப்பானியர் எதிர்பார்த்த பழைய நடையை விட்டுப் பேச்சுநடையை எடுத்தது. பிஸ்மியில் வரும் ரஹ்மத்துக்கு அவர் எடுத்த சொற்களில் ஒன்று 'ஜிஹி'. அது ஜப்பானிய பௌத்தர்கள் கருணைக்குப் பரம்பரையாகச் சொல்லிவரும் சொல். கேட்ட மாத்திரத்தில் எந்த ஜப்பானியனுக்கும் மனதில் படும். ரஹ்மத்துக்கு ஊர்ச்சொல்லை எடுத்தவர், அல்லாஹ் என்ற பெயரை மட்டும் அப்படியே விட்டார். ஜப்பானிய வாயில் லகரம் இல்லாததால் அது 'அர்ரா' என்று ஒலிக்கும்.